மதாம் ஜெர்மேனின் லேஞ்சி

ரொறன்ரோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் திருவிழா மலருக்கு ரஞ்சன் கேட்ட கட்டுரை இது அல்ல. "அன்ரி, நீங்கள் பிரான்சில பழைய கோயிலுகளைத் திருத்தின ஆள். அந்தக் கோயிலுகளின்ர வடிவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. படத்தை நான் இன்ரநெற்றில எடுத்துப் போடுறன்" என்றுதான் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்று தொடங்கியது வில்லங்கம். மேசையில் இருப்பேன், எழும்புவேன். கேத்திலைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றாமலே யன்னலடியில் போய் நிற்பேன். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை போய், பஸ் வந்ததும் ஏறாமல் திரும்பி வருவேன். ஓய்வெடுத்த பிறகு இங்கே வெக்ஸ்போர்ட்டில் என் தங்கை றீற்றாவின் வீட்டில்தான் இருக்கிறேன். "அக்கா, உனக்கென்ன காலில சில்லுப் பூட்டியிருக்கோ? ஒரு இடத்தில இரன்" என்று அவள் ஏசுகிறாள்.

இருக்க முடியாததற்குக் காரணம் ரஞ்சன் அல்ல. அதே கிழமை, பிரான்சில் என்னோடு கடைசிக் காலத்தில் வேலை செய்த பெண் ஒருத்தி போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சுவருக்கு முன்னால் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். அது ஏதோ ஒளியைப் பாய்ச்சுகிறது. மேலே உள்ள சித்திரத்தைத் தொடாமலே, அதற்கு அடியில் மறைந்திருக்கும் பழைய சித்திரம் திரையில் தெரிகிறது. வீடியோவுக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: இந்தப் பெட்டி அப்போது இருந்திருந்தால் ஜெர்மேன் அம்மாவின் சுவரை நீங்கள் கழற்றியிருக்கவே மாட்டீர்கள், இல்லையா? நான் இன்னும் பதில் போடவில்லை.

அந்தச் சுவரைப் பற்றி எழுதாமல் வேறு எதையும் எழுத என் கை ஓடவில்லை. ரஞ்சன் மன்னிக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்குப் படித்துப் போனவள் அல்ல. பாரிசில் றீற்றாவும் நானும் ஒரே அறையில் இருந்துகொண்டு கந்தோர்களில் மேசையும் தரையும் துடைத்தோம். ஒருநாள் சாரத்துக்குக் கீழே விழுந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ள ஆள் வேண்டும் என்று ஒரு பழைய கோயிலுக்கு அனுப்பினார்கள். அங்கே கூட்டத் தொடங்கியவள் மெல்ல மெல்லச் சாரத்தில் ஏறி, கடைசியில் கத்தி பிடிக்கப் பழகினேன். அதற்குள் என் தலை நரைத்துவிட்டது. பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் தீவில் கொடியேற்றத்துக்கு முன் கோயிலுக்கு வெள்ளை அடிப்பார்கள். வருசா வருசம், பழைய வெள்ளைக்கு மேல் புது வெள்ளை. அது எங்களுக்குப் பக்தி. பிரான்சில் என் பிழைப்போ கோயில் சுவரில் பூசிய வெள்ளையைச் சுரண்டி எடுப்பது. அந்த ஊர்களிலும் அந்தக் காலத்தில் கொள்ளை நோய் வந்து போனதும் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்களாம். அதற்கு அடியில் அப்போஸ்தலர்களும் பேய்களும் நரகத்து அடுப்பும் அகப்பட்டுக் கிடக்கும். சிறு கத்தியால், நகத்தளவு நகத்தளவாக, அவர்களை வெளியில் விடவேண்டும். அம்மா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் எனக்கு விசர் என்றுதான் நினைத்திருப்பார்.

என் மேலாளர் பெயர் அர்மோன். முசியே அர்மோன் என்போம். மெலிந்த மனிதர். சாரத்தில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிச் செருப்புப் போடுவார். சுவரோடு மரியாதைப் பன்மையில் பேசுவார். "மன்னிக்கவேணும், இந்த இடத்தில கொஞ்சம் நோகும்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைப்பார். (அங்கே எல்லோரும் பேசியது பிரெஞ்சுதான். எனக்குள் அது எங்கள் தமிழில்தான் கேட்டது, அப்படியே தருகிறேன்.) புதிதாக ஒரு சுவருக்குப் போனால் முதல் நாள் எங்களை வேலை செய்ய விடமாட்டார். சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்திவிடுவார். "பார். தொடாத." இதுதான் கட்டளை. என்னைப்போல ஒரு இடத்தில் இருக்கமுடியாத ஆளுக்கு இதைவிடத் தண்டனை வேறு இல்லை. கால் ஆடும், விரல் துடிக்கும். அவர் திரும்பிப் பார்க்காமலே "ஃபிலோமென், கால்" என்பார். என் பெயர் பிலோமினா. அங்கே அது ஃபிலோமென்.

அந்தச் சுவர் இருந்த கோயில் சோள வயல்களுக்கு நடுவில், சின்ன ஊர் ஒன்றில் இருந்தது. குட்டையான மணிக்கூண்டு, கறுப்புக் கற்பலகைக் கூரை. தெற்குப் பக்கம் வட்ட வளைவு வாசல். வளைவில் செதுக்கிய மிருகங்கள் மழையில் கரைந்து, எது சிங்கம் எது ஆடு என்று தெரியாமல் போய்விட்டன. உள்ளே மரக்கூரை, கவிழ்த்துப் போட்ட வள்ளம்போல, விலா மரங்கள் தெரிய இருக்கும். முதல்நாள் அண்ணாந்து பார்த்தபோது வள்ளத்துக்கு அடியில் நிற்பதாகவே நினைத்தேன். குறுக்கு உத்தரங்களின் இரு நுனியிலும் வாயைப் பிளந்த பூதத் தலை, உத்தரத்தை அதுவே விழுங்குகிற மாதிரி. பீடத்துக்கு மேலே மட்டும் கல் வளைவு. அதற்கு நீலம் பூசிப் பொன் நட்சத்திரம் வைத்திருந்தார்கள். சுவர்களின் இடுப்பளவில் கறுப்புப் பட்டி ஒன்று கோயிலைச் சுற்றி ஓடியது. ஊர்ப் பிரபு செத்தபோது துக்கத்துக்குத் தீட்டியதாம். நாங்கள் வீட்டுப் படலையில் கட்டுகிற துணியை அவர்கள் கோயிலுக்கே கட்டியிருக்கிறார்கள்.

வாசலால் நுழைந்தால் எதிரே வடக்குச் சுவர். அதில்தான் சங்கதி.

முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு அந்த ஊர்ப் பாதிரியார் ஒரு சித்திரகாரரைப் பிடித்து, போரில் செத்த ஊர்ப் பொடியன்களை அந்தச் சுவரில் வரைவித்திருந்தார். மாதா நடுவில் நிற்கிறார். நீலச் சீருடையில் அவர்கள் இரண்டு வரிசையாக, பின்வரிசை நின்றபடி, முன்வரிசை முழங்காலில். குடும்பங்கள் கொடுத்த போட்டோக்களைப் பார்த்து வரைந்த முகங்கள். கைகள் எல்லாம் ஒரே அச்சு, மாதாவுக்குக் கழுத்துக் கொஞ்சம் நீளம். ஆனால் முகங்கள் மட்டும் உண்மை. முன்வரிசையில், பார்ப்பவருக்கு மாதாவின் வலப்பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் ஒகுஸ்த். அவருடைய மகள்தான் மதாம் ஜெர்மேன், கோயில் திறப்பு வைத்திருந்தவர்.

தகப்பன் சண்டைக்குப் போனபோது ஜெர்மேன் தாயின் வயிற்றில். அவர் திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்த ஒரே போட்டோ, அடுத்த போரில் வீட்டோடு எரிந்துபோனது. அதனால் அவருக்குத் தகப்பன் என்றால் அந்தச் சுவர்தான். எண்பது வயது தாண்டிய மனுசி. காலையில் வந்து திறப்பைப் பூட்டில் திருகி, கதவைத் தோளால் தள்ளி, உள்ளே வந்ததும் "பொன்ஜூர், பப்பா" என்பார். பிறகுதான் சிலுவை போடுவார்.

அந்தச் சுவர் ஊதியிருந்தது. விரல் முட்டியால் தட்டினால் வெறும் பானைச் சத்தம் வந்தது. ஈரம் ஏறி, சித்திரம் தீட்டிய மேற்பூச்சு அடிச்சுவரை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு வெடிப்பை முசியே அர்மோன் கொஞ்சம் விரித்துப் பார்த்தார். அடியில் பெரிய கால்விரல் ஒன்று தெரிந்தது. ஓரிரு இடத்தில் முத்திரையளவு திறந்து பார்த்ததும் ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டது. கிறிஸ்தோப்பர். குழந்தை யேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த இராட்சதப் புனிதர். பழைய காலத்தில் அவரைக் கோயில் வாசலுக்கு நேரே வரைவார்கள். காலையில் அவர் முகத்தில் விழித்தால் அன்றைக்குத் துர்மரணம் வராது என்பது நம்பிக்கை.

ஊசியால் சுண்ணாம்புப் பாலை உள்ளே ஏற்றி மேற்பூச்சை ஒட்டிவிடலாம் என்று முசியே அர்மோன் சொல்லிப் பார்த்தார். அரசாங்கத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த அம்மா கேட்கவில்லை. அவரையும் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு பழைய கிறிஸ்தோப்பர் அந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. மேற்சித்திரத்தைத் துணியில் உரித்தெடுத்துப் பலகையில் ஒட்டி எதிர்ச்சுவரில் மாட்டுவது, அடியில் உள்ளவரை வெளியில் விடுவது என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

மதாம் ஜெர்மேன் சாரத்துக்குக் கீழே வந்து நின்றார்.

"அப்பாவுக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொல்லுங்கோ."

"சொல்ல மாட்டன், மதாம்" என்றார் முசியே அர்மோன். "சுவர் இன்னும் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை."

"பழைய பூச்சு உரிஞ்சால் உங்களுக்கு ஒரு வேலை பிழைச்சுது. எனக்கு?"

முசியே அர்மோன் செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

உரிக்கிற விதம் இதுதான். முதலில் மென்தூரிகையால் தூசி தட்டி, சித்திரத்தின்மேல் நீர் புகாத மெல்லிய பூச்சு ஒன்று போடவேண்டும். மாட்டுத்தோல் பசையைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்கவேண்டும். கொதிக்க விட்டால் பசை செத்துவிடும், ஆறவிட்டால் கட்டிபடும். மணம் சொல்லி வேலையில்லை. வீட்டுக்குப் போனால் றீற்றா என்னைக் கதவுக்கு வெளியில் நிறுத்திவிடுவாள். பசையைச் சுவரில் தடவி, கொசுவலை மாதிரி மெல்லிய துணியை ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் நீவி, அதற்குமேல் முரட்டுத் துணி. பிறகு காத்திருக்க வேண்டும். பசை காயக் காய இறுகும். இறுகும்போது சித்திரத்தின் தோலைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த அந்த ஒரு நேரத்தில் துணியை இழுத்தால் சித்திரம் முழுசாகத் துணியோடு வந்துவிடும். முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது.

அந்தக் காத்திருப்பு என்னைக் கொன்றது. மழைக்காலம் வேறு. நான் கோயிலுக்குள்ளே மேலும் கீழும் நடந்தேன். முசியே அர்மோன் துணியின்மேல் காதை வைத்துக் கேட்பார், தலையாட்டுவார், போய்விடுவார். ஜெர்மேன் வழக்கம்போலக் கதவைத் திறந்து, வெறும் துணியைப் பார்த்து "பொன்ஜூர், பப்பா" என்பார். அந்தக் குரல் கேட்டால் நான் வெளியே போய் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் வழக்கம்போலப் பாரிசுக்குப் போய்விட்டோம். சுவருக்கு முன்னால் மஞ்சள் நாடா கட்டிவிட்டுத்தான் போனோம்.

திங்கள் காலை உள்ளே கால் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நாடா பக்கத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. துணிக்குக் கீழே பெற்றோல் ஸ்ரேசனில் விற்கிற கார்னேசன் பூக்கள், மெழுகுதிரிகள், ஒரு சிவப்பு ஜெபமாலை. துணியின் வலப்பக்கத்தில், ஆள் கை எட்டுகிற உயரத்தில், ஈரமான பெரிய வட்டம். முசியே அர்மோன் என்னைப் பார்த்தார்.

"ஆர் வந்தது?"

"எங்கட ஆக்கள்" என்றேன்.

பிறகு றீற்றாவிடம் கேட்டு அறிந்தது இதுதான். பாரிஸ் தமிழ்ச் சனம் ஒரு பஸ் பிடித்து யாத்திரை போயிருக்கிறது. றீற்றாவும் அதில். 'என்ர அக்கா வேலை செய்யிற கோயில் இந்தப் பக்கம்தான்' என்று அவள் பஸ்ஸை நிறுத்திவிட்டாள். உள்ளே போனால் துணியால் மூடிய சுவர். எங்கள் ஊரில் கொடியேற்றத்துக்கு முன் திரை போட்டு மூடிவைக்கிற சுரூபம் என்று நினைத்திருக்கிறார்கள். நாடா கட்டியிருந்தால் எங்கள் சனத்துக்கு என்ன அர்த்தம்? வரிசை அதற்குப் பின்னால் தொடங்குகிறது என்று அர்த்தம். வரிசையில் நின்று, வாசல் தொட்டியில் தீர்த்தம் தொட்டு, ஒவ்வொருவராகத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, உதட்டை வைத்து முத்தி செய்து, லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, தீர்த்தத்தில் நனைத்துத் துணியில் தேய்த்து நெற்றியில் வைத்திருக்கிறார்கள். ஒரு பஸ் சனம். அந்த வட்டத்துக்குள் இருந்தது ஒகுஸ்தின் முகம். முழங்காலில் இருந்தவர் அல்லவா, அவர் முகம்தான் கைக்கு எட்டியது.

முசியே அர்மோன் கத்தவில்லை. கோயிலை ஒருமுறை சுற்றி நடந்து வந்து, "கதவைத் திறந்தது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் பின்னால் வந்து நின்ற ஜெர்மேன். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "எவ்வளவு சனம்! இந்தக் கோயிலுக்கு இப்ப செத்தவீட்டுக்கு மட்டும்தான் ஆக்கள் வருகினம். அவையள் பாட்டெல்லாம் பாடிச்சினம். நானும் வரிசையில நிண்டனான். பெரிய பையோட ஒரு பிள்ளை எனக்குக் காட்டித் தந்தவ, லேஞ்சியால இப்பிடித் தொட்டு இப்பிடிக் கண்ணில வைக்கவேணும் எண்டு. எண்பது வருசமா அப்பாவை நான் ஒருநாளும் தொட்டதில்லை, முசியே. எங்கட ஆக்கள் தொடமாட்டினம்."

பெரிய பை என்றதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. றீற்றா அது இல்லாமல் வெளிக்கிடமாட்டாள்.

ஈரம் பட்டால் பசை திரும்ப இளகிவிடும். இளகிய பசைக்குப் பிடி இல்லை. துணியை அவிழ்த்துத் திரும்பச் செய்யவும் முடியாது, அவிழ்க்கிறபோதே முகம் சிதையும். அந்த இடத்தில் மட்டும் மேலும் ஒரு பசை, மேலும் ஒரு துணி போட்டுக் காயவிட்டோம். முசியே அர்மோன் இதை ஜெர்மேனிடம் ஒளிக்கவில்லை. ஒரு கதிரையில் அவரை இருத்தி, தான் முழங்காலிட்டு, என்ன நடக்கக்கூடும் என்று பச்சையாகச் சொன்னார். ஜெர்மேன் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். எங்கள் சனத்தின்மேல் வந்த ஆத்திரத்தில் அழுதேன், அவர்களை ஏசவும் மனம் வரவில்லை என்ற ஆத்திரத்திலும் அழுதேன்.

இழுக்கிற நாள் வந்தது. கீழ் விளிம்பைக் கத்தியால் அறுத்து விடுவித்தோம். ஒரு மூலையை அவர் பிடித்தார், மற்ற மூலையை நான். மேல்நோக்கிச் சுருட்டிக்கொண்டே போகவேண்டும், இடையில் நிறுத்தினால் சித்திரத்தில் கோடு விழுந்துவிடும். காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை உரிக்கிற சத்தம், ஆனால் முழுச் சுவர் அளவில். பூட்ஸ்கள் வந்தன, சீருடைகள் வந்தன. வட்டம் வந்த இடத்தில் என் கைக்கு வித்தியாசம் தெரிந்தது. பாரம் குறைந்துவிட்டது. முசியே அர்மோன் என்னைப் பார்க்காமல் "நிப்பாட்டாத" என்றார். நிறுத்தவில்லை. மாதாவின் கிரீடம்வரை சுருட்டி இறக்கிவிட்டுத்தான் சுவரைப் பார்த்தோம்.

ஒகுஸ்த் இரண்டாகிவிட்டார். சாயத்தின் மேல் தோல் துணியோடு வந்திருந்தது. அடித்தோல் சுவரிலேயே நின்றுவிட்டது. மாதக்கணக்கில் பட்டறையில் வேலை செய்து படத்தைப் பலகையில் ஏற்றி, துணியைக் கழுவி எடுத்துக் கொண்டுவந்து மாட்டியபோது, மற்ற எல்லோரும் முழுசாக இருந்தார்கள். அவர் மட்டும் பால் ஊற்றியதுபோல் வெளிறி இருந்தார். வடக்குச் சுவரிலோ, உடம்பில்லாமல், மங்கலாக, அவருடைய முகம் மட்டும் மிதந்தது.

ஜெர்மேன் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "உது அவர் இல்லை" என்றார். திரும்பி வடக்குச் சுவருக்கு வந்தார். "இந்தா நிக்கிறார்."

மேற்பார்வை அம்மாவின் கட்டளை வந்தது. சுவரில் மிஞ்சிய மெல்லிய வெள்ளையையும் கறையையும் சுரண்டி எடுத்து, கிறிஸ்தோப்பரை முழுதாகத் திறக்கவேண்டும். கறை என்றுதான் எழுதியிருந்தது. முசியே அர்மோன் மேலிடத்தோடு சண்டை பிடிக்கிற ஆள் அல்ல. அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஃபிலோமென், இடப்பக்கத்தில இருந்து தொடங்கு. ஆறுதலா. உனக்குத் தெரிஞ்சதிலயே ஆறுதலா."

அந்த முகம் இருந்தது வலப்பக்கத்தில். வாழ்க்கையில் முதல்முறை, என்னை மெதுவாக வேலை செய்யச் சொன்னதில் எனக்குச் சந்தோசம். கிறிஸ்தோப்பரின் கால்களைச் சுற்றி ஆறு. ஆற்றில் மீன்கள். அந்தச் சித்திரகாரன் மீனைத் தட்டில்தான் பார்த்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே கண். மீன் மீனாக வெளியில் விட்டுக்கொண்டு நகர்ந்தேன். ஜெர்மேன் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கதிரையில் இருந்து பார்ப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் தகப்பனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பது இருவருக்கும் தெரியும். இராத்திரி படுத்தால் கண்ணுக்குள் கத்தி முனைதான் தெரியும்.

கடைசியில் ஒரு விலாங்கின் வால் வந்தது. அதன் தலை ஒகுஸ்தின் தாடைக்கு அடியில் இருந்தது. கத்தியை வைத்துவிட்டு முசியே அர்மோனைப் பார்த்தேன்.  அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதிரை கிறீச்சிட்டது. ஜெர்மேன் எழுந்து வாசல் தொட்டிக்குப் போனார். கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தீர்த்தத்தில் நனைத்துப் பிழிந்தார். ஆண்கள் வைத்திருக்கிற மாதிரிப் பெரிய வெள்ளை லேஞ்சி. சுவருக்கு நேரே வந்தார்.

நான் தடுக்கப் போனேன். அந்த மிச்சச் சாயத்துக்குப் பிடிப்பே இல்லை, ஈரத்துணி பட்டால் ஒரு நொடியில் போய்விடும்.

"மதாம், தண்ணி பட்டால்..."

"தெரியும், பிள்ளை. போன முறை தெரியாமல் செய்தனான்."

முசியே அர்மோன் என் கையைப் பிடித்தார். "பார்" என்றார். "தொடாத."

ஜெர்மேன் லேஞ்சியைத் தகப்பனின் நெற்றியில் வைத்து, கண், மூக்கு, மீசை என்று மேலிருந்து கீழே, குழந்தைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி, ஆறுதலாகத் துடைத்தார். சாயம், அடியில் இளகிய சுண்ணாம்போடு, துணிக்குப் போனது. விலாங்கின் தலை தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்ததையும் துணியின் நுனியால் ஒற்றி எடுத்தார். பிறகு றீற்றா காட்டித் தந்தபடி, ஈரத்தோடு அதைக் கண்களில் வைத்தார். யேசுவின் முகத்தைத் துடைத்துத் துணியில் பதித்துக்கொண்ட வெரோனிக்காவை நினைக்காதீர்கள். அதில் முகம் ஒன்றும் பதியவில்லை. பழுப்பும் நீலமுமாய் ஒரு கறை, அவ்வளவுதான். அந்தக் கறையை உள்ளே வைத்து நாலாக மடித்து, கோட்டுக்குள்ளே, நெஞ்சோடு வைத்தார்.

"சண்டைக்குப் போன மனிசன் வீட்டுக்கு வரவே இல்லை" என்றார் எங்களிடம். "அம்மா சாகுமட்டும் கதவைப் பூட்டாமல் படுத்தவ. இப்ப கூட்டிக்கொண்டு போறன்."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

அந்தப் பெண் கேட்டது சரிதான். அந்தப் பெட்டி இருந்திருந்தால் சுவரைக் கழற்றியிருக்கமாட்டோம். ஒகுஸ்த் முழு முகத்தோடு இன்றைக்கும் அங்கேயே முழங்காலில் இருந்திருப்பார். வீட்டுக்குப் போயிருக்கமாட்டார். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் பஸ் தரிப்பிடத்துக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் இன்னொரு பிரச்சினை. அந்தத் துணிக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் றீற்றாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அன்றைய லேஞ்சியை ரொறன்ரோவுக்கும் கொண்டுவந்து, அலுமாரியில் ஜெபமாலைகளோடு வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் வைப்பாள். டிறைவிங் சோதனைக்குப் போனாலும் வைப்பாள். 'பிரான்சுப் புனிதரின்ர லேஞ்சி' என்று தூரத்து மோர்னிங்சைட்டிலிருந்துகூட ஆட்கள் இரவல் கேட்டு வந்திருக்கிறார்கள். மலரில் வந்து அவள் வாசித்து அறிவதைவிட நானே சொல்வது மேல் என்று, பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவளை இருத்தி வாசித்துக் காட்டினேன்.

பாதியில் அவள் கை நின்றுவிட்டது. முடிந்ததும் எழும்பிப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். லேஞ்சியோடு திரும்பி வந்து மேசையில் விரித்தாள். ஓரமெல்லாம் விறைத்து மஞ்சளாக இருந்தது.

"இதில அந்தாளின்ர முகம் இல்லையோ?"

"இல்லையடி. மாட்டுத்தோல் பசை."

"அப்ப இவ்வளவு காலமும் பிள்ளையளின்ர நெத்தியில பசையையோ தேச்சனான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். லேஞ்சியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அந்த மகள் இப்ப இருக்கிறாவோ?"

"இல்லை. அவ போய்க் கனகாலம்."

"அவவுக்குப் பிள்ளையள்?"

"இல்லை."

"அப்ப அந்தாளுக்குப் பூசை குடுக்க ஆர் இருக்கினம்?"

நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து ரஞ்சனைப் பிடித்துவிட்டாள். பூசைக் கருத்துகளுக்கும், அதாவது செத்தவர்களுக்காகப் பூசையில் வாசிக்கிற பேர்களுக்கும், அவர்தான் பொறுப்பு. "ஓம் தம்பி, ஒகுஸ்த். பிரெஞ்சுப் பேர்தான். என்ன முறையோ? முறை என்னெண்டு சொல்லுறது... எங்கட ஆள் எண்டு போடும்."

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில், அந்தோனிப்பிள்ளைக்கும் மரியநாயகத்துக்கும் நடுவில், ஒகுஸ்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வந்தபோது ஃபாதர் அந்தப் பேரில் தடக்கிவிட்டார். றீற்றா பின்வரிசை வாங்கிலிருந்து எல்லோருக்கும் கேட்கச் சரியாகச் சொல்லிக் கொடுத்தாள். ஃபாதர் இன்னொரு தரம் வாசித்தார். அன்றைக்குப் பூசை முடியுமட்டும் நான் என் இடத்தைவிட்டு எழும்பிப் போகவில்லை.